நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும் வழிகள்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். ஆனால் அடை வைத்துப் பொரித்த பத்துக் குஞ்சுகளில் எத்தனை, இரண்டு மாதம் கழித்து மேய்ந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். மீதியைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த நட்டத்தைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. குஞ்சு இலவசமாகக் கிடைத்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தாய்க்கோழி 21 நாட்கள் அடையில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு இரண்டு, மூன்று மாதங்கள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறது. இந்த நான்கு மாத காலம் அது முட்டை இடுவதில்லை. பத்துக் குஞ்சுகளில் ஆறு போய் நான்கு மிஞ்சினால், அதில் பாதி சேவல் என்று வைத்தாலும், ஒரு கோழியின் நான்கு மாத உழைப்புக்கு இரண்டு பெட்டையும் இரண்டு சேவலும்தான் கூலி. வீட்டுப் பெண்கள் கையில் அவசரச் செலவுக்குப் புழங்கும் பணம் பல ஊர்களில் இந்தக் கோழிப் பணம்தான். பண்டிகைக்கு முன்பு விற்க நினைத்த ஐந்து சேவல்கள் குஞ்சிலேயே போய்விட்டால், அந்த மாதப் பள்ளிக்கூடச் செலவுக்கு வேறு இடத்தில்தான் கை நீட்ட வேண்டும்.

பருந்துத் தொல்லைக்கு ஆயுள் முழுக்கக் காவல் தேவையில்லை. குஞ்சு பொரித்த நாளில் இருந்து முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள்தான் ஆபத்தான காலம். அந்த வாரங்களில் மட்டும் குஞ்சின் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும். பருந்தை விரட்டுவதில் செலவழிக்கும் நேரத்தையும் பணத்தையும் அந்தக் கூரைக்குச் செலவழிப்பது நல்லது.

தூக்கியது யார்?

முதலில் திருடன் யார் என்று தெரிய வேண்டும். வலை கட்டிய பிறகும் குஞ்சு குறைகிறது என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் எதிரி வானத்தில் இருந்து வருவதில்லை.

பகலில், சுவடே இல்லாமல், ஒன்று ஒன்றாகக் குறைந்தால் அது பறவையின் வேலை. சில நேரம் சற்றுத் தள்ளி, மரத்தடியிலோ வேலி ஓரத்திலோ பிடுங்கிய இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். பிடித்த இரையின் இறகைப் பிடுங்கிவிட்டுத் தின்பது வல்லூற்றின் பழக்கம். தலையிலும் வயிற்றிலும் கொத்தப்பட்டு, குடல் வெளியே வந்த குஞ்சு அங்கேயே கிடந்தால் காகத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே இரவில் ஐந்தாறு குஞ்சுகளும் தாய்க்கோழியும் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தால் காட்டுப்பூனை. கூட்டுக்குள் இருந்து ராத்திரியில் ஒன்றிரண்டு மட்டும் காணாமல் போய், இறகோ ரத்தமோ இல்லை என்றால் பாம்பு. பெருச்சாளியும் சின்னக் குஞ்சை வளைக்குள் இழுத்துப் போகும். கூட்டின் ஓரத்தில் புது மண் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் நடக்கும் சாவுக்குப் பருந்தைத் திட்டிப் பயனில்லை. பருந்தும் வல்லூறும் பகலில் மட்டுமே வேட்டையாடுபவை. ஆந்தை மேலும் பழி போடுவார்கள். ஊருக்குள் வீட்டு இடுக்குகளில் இருக்கும் கூகையின் முக்கிய உணவு எலிதான். காட்டோரம், பாறைப் பகுதிகளில் இருக்கும் பெரிய கொம்பன் ஆந்தை மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்கலாம். கோழியை மாலையில் கூட்டில் அடைத்துக் கதவைச் சாத்தினால் அந்தக் கவலையும் இல்லை.

கரும்பருந்தும் வல்லூறும் வேட்டையாடும் விதம்

பருந்து என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று பறவைகள் இருக்கின்றன. இவை வேட்டையாடும் விதம் வேறு. ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு மற்றதற்குப் பலிக்காது.

கரும்பருந்து, அதாவது கள்ளப்பருந்து, உடல் முழுதும் கரும்பழுப்பு நிறமாக இருக்கும். பறக்கும்போது வாலைப் பார்த்தால் நடுவில் பிளந்திருக்கும். ஊரைச் சுற்றி வட்டமிடும் பருந்துகளில் அதிகம் இதுதான். இறைச்சிக் கடைக் கழிவு, செத்த எலி, குப்பைமேடு என்று எதையும் தின்னும். குஞ்சு கண்ணில் பட்டால் திறந்த வெளியில் சரிந்து இறங்கி, நிற்காமல் காலால் அள்ளிக்கொண்டு மேலே ஏறிவிடும். இதன் விரிந்த சிறகு ஏறக்குறைய ஐந்து அடி நீளம். அதனால் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தடையில்லாத வெளி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கரும்பருந்து இறங்கத் தயங்கும். அரை கிலோவைத் தாண்டிய கோழியைத் தூக்கிச் செல்வதும் இதற்குச் சிரமம்.

செம்பருந்து, கருடன் என்று கும்பிடுகிறோமே, அதற்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் செம்மண் நிறம். குளம், ஆறு, வயல், கடற்கரை ஓரங்களில் மீன், நண்டு, தவளை பிடித்துத் தின்னும். வாய்ப்புக் கிடைத்தால் குஞ்சையும் எடுக்கும். ஆனால் கரும்பருந்து அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

கெட்டிக்காரத் திருடன் வல்லூறு. சில ஊர்களில் வைரி என்பார்கள். புறா அளவுதான் இருக்கும். எடை கால் கிலோவுக்கும் குறைவு. சாம்பல் முதுகு, மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், வளர்ந்ததற்குச் சிவந்த கண். இது வானத்தில் வட்டமிட்டு நம்மை எச்சரிக்காது. வேப்பமரத்திலோ புளியமரத்திலோ இலைக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கும். குஞ்சு தாயை விட்டு நாலடி விலகினால் தாழப் பறந்து வந்து, மரங்களுக்கு நடுவே வளைந்து திரும்பி, பிடித்துக்கொண்டு போய்விடும். அணில், ஓணான், சின்னப் பறவைகளை இது பிடிப்பதும் இப்படித்தான். சின்ன உடம்பு என்பதால் முதல் மூன்று நான்கு வாரக் குஞ்சுகளைத்தான் இது குறி வைக்கும். மரம் நிறைந்த கொல்லையில் பருந்து வராது என்று நம்பிக் குஞ்சை விட்டவர்கள் ஏமாறுவது வல்லூற்றிடம்தான்.

மலையடிவார ஊர்களில் ராசாளி போன்ற பெரிய கழுகுகள் வளர்ந்த கோழியையும் அடிக்கும். அங்கே குஞ்சுக் காலம் முடிந்தாலும் கோழிகளை மரச்செறிவுக்குள் மேய விடுவதுதான் வழி.

பருந்தைவிட அதிகக் குஞ்சுகளைத் தின்பது சில வீடுகளில் காகம். பொரித்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் குஞ்சுதான் அதன் குறி. இரண்டு மூன்று காகங்கள் சேர்ந்து வரும். ஒன்று தாய்க்கோழியை முன்னால் நின்று சீண்டும். கோழி அதைத் துரத்தும்போது இன்னொன்று பின்னால் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். செம்போத்தும் முட்டையையும் புதிதாகப் பொரித்த குஞ்சையும் எடுக்கும்.

கோடைக் காலத்தில் தொல்லை கூடுவதற்குக் காரணம் உண்டு. கரும்பருந்தும் வல்லூறும் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது தை, மாசியில் தொடங்கி வைகாசி வரை உள்ள மாதங்களில். கூட்டில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சுகளுக்காக அவை நாள் முழுக்க இரை தேடும். நாமும் அதே சமயத்தில் அடை வைக்கிறோம். தை, மாசியில் அடை வைப்பவர்கள் குஞ்சு பொரிப்பதற்கு முன்பே கூண்டைத் தயார் செய்துவிட வேண்டும்.

முதல் ஆறு வாரம்: நகர்த்தும் கூண்டு

நம் பாட்டிமார்கள் மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தாயையும் குஞ்சுகளையும் உள்ளே விட்டார்கள். அது மிகச் சரியான முறை. அதில் இரண்டு குறைகள்தான். குஞ்சு வளர வளர இடம் போதாது. இரை தேடிக் கிளறும் பழக்கமும் வராது. பஞ்சாரத்தைப் பெரிதாக்கி, நகர்த்தக்கூடியதாக மாற்றினால் அதுவே நகர்த்தும் கூண்டு.

ஆறு அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டு அடி உயரத்தில் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். மூங்கில், சவுக்கு, பழைய பிளாஸ்டிக் குழாய், எது கையில் இருக்கிறதோ அது போதும். அடிப்பகுதி திறந்திருக்க வேண்டும். மேலும் பக்கங்களிலும் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையை இழுத்துக் கட்ட வேண்டும். கண் பெரிதாக இருந்தால் முதல் வாரக் குஞ்சு வெளியே நழுவும், பாம்பு உள்ளே நுழையும், காகம் அலகை விட்டு இழுக்கும். மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைத் தென்னங்கீற்றால் மூடினால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம். ஒரு ஓரத்தில் கை நுழையும் அளவுக்குக் கதவு வைத்தால் தீவனமும் தண்ணீரும் வைக்கலாம். இதில் ஒரு தாயும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும் ஆறு வாரம் வரை இருக்கலாம்.

காலையில் பனி ஈரம் காய்ந்ததும் கூண்டைப் புல்தரையில் வைத்து உள்ளே விடுங்கள். மறுநாள் கூண்டை அதன் நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். புதுப் புல், புதுப் புழு கிடைக்கும். ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்து ரத்தக் கழிச்சல் வருவதும் குறையும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஓரங்களில் இடைவெளி விழும். அங்கே கல்லோ செங்கல்லோ வைத்து அடையுங்கள். மாலையில் தாயையும் குஞ்சுகளையும் வீட்டுப் பக்கத்துக் கூட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அடிப்பகுதி திறந்த கூண்டு இரவுக்கு ஆகாது. மண்ணைத் தோண்டி எதிரிகள் உள்ளே வந்துவிடும்.

இந்த முறையில் இன்னொரு லாபம். ஆறாவது வாரத்தில் குஞ்சுகளைக் கூண்டில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் பிரித்து மற்றக் கோழிகளோடு விட்டால், அது குஞ்சோடு திரிவதைவிடச் சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். ஆறு வாரத்தில் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும். தாயின் சூடு தேவைப்படாது. பிரித்த முதல் இரண்டு நாட்கள் கத்தும். அதைக் கேட்டு இரக்கப்பட்டு மீண்டும் சேர்த்துவிடாதீர்கள்.

கூண்டில் இருக்கும் காலத்தில் தடுப்பூசி போடுவதும் எளிது. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட வேண்டும். கொல்லை முழுக்கக் குஞ்சைத் துரத்திப் பிடிக்கத் தேவையில்லாததால் ஒன்றும் விட்டுப்போகாது. நோயால் சோர்ந்து, கூட்டத்தை விட்டுப் பின்தங்கும் குஞ்சுதான் முதலில் பருந்துக்கு இரையாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாய் இல்லாத குஞ்சுகள்

பொரிப்பகத்தில் இருந்தோ அரசுத் திட்டத்திலோ வாங்கிய குஞ்சுகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தாயோடு வளரும் குஞ்சு, தாய் ஒரு குரல் கொடுத்தவுடன் சிறகுக்குள் ஓடும், அல்லது புதருக்குள் பதுங்கும். பெட்டியில் வந்த குஞ்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பருந்தின் நிழல் மேலே போகும்போதும் தீவனத் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களை ஆறு வாரம் வரை வீட்டுக்குள் வளர்த்த பிறகே புறக்கடையில் விட வேண்டும் என்பது பரிந்துரை. இந்த இனங்களுக்கு வெள்ளையாக இல்லாமல் பல வண்ண இறகு அமைந்திருப்பதும் ஒரு பாதுகாப்பு. பச்சைத் தரையில் வெள்ளைக் கோழி தூரத்தில் இருந்தே தெரியும். பழுப்பும் கறுப்பும் கலந்தது மண்ணோடு மண்ணாக மறையும். நாட்டுக்கோழியிலும் அடைக்கு முட்டை தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்கலாம்.

நான்கு வாரக் குஞ்சுகளை வாங்கினால் உடனே கொல்லையில் திறந்துவிடாதீர்கள். இன்னும் மூன்று, நான்கு வாரம் கூண்டில் வைத்துப் பழக்கி, முதல் வாரம் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடுங்கள். மேய்ச்சலுக்குப் பழகிய ஒரு மூத்த பெட்டையோ சேவலோ கூட்டத்தில் இருந்தால் குஞ்சுகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

சேவலை விற்றுவிடாதீர்கள்

முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்கள் சேவல் தீவனத்துக்குத் தண்டம் என்று நினைப்பதுண்டு. சேவல் மேயும்போது அடிக்கடி ஒரு கண்ணை வானத்துக்குத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பருந்து தெரிந்தால் நீளமான, மெல்லிய ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் பெட்டைகள் பதுங்கும், அல்லது அசையாமல் நிற்கும். நாய், கீரி, பாம்பு போன்ற தரை எதிரி என்றால் குரல் வேறு; ‘கொக்கொக்’ என்று விட்டுவிட்டு உரக்கக் கத்தும். இரண்டு குரலுக்கும் வித்தியாசம் பழகிவிட்டால் வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கினிக்கோழி இரண்டு மூன்று சேர்த்து வளர்த்தால் இன்னும் நல்லது. புது உருவம் எது தெரிந்தாலும் ஊரே கேட்கும்படி கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருந்தால் சரி. கோழியைத் துரத்தாமல் பழகிய நாய் கொல்லையில் படுத்திருந்தால் பருந்து தரை வரை இறங்கத் தயங்கும்.

ஒளிய இடம் வேண்டும்

எட்டு வாரம் ஆன பிறகு கோழிகள் வெளியே மேயத்தான் வேண்டும். அப்போது கொல்லை வெட்டவெளியாக இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்று என்ற கணக்கில், கோழி ஓடி நுழைய ஒரு மறைவிடம் வேண்டும்.

இதற்குப் பணம் தேவையில்லை. வேலியில் வெட்டிய கருவை முள்ளைக் குவித்து, அடியில் நாலு கல் வைத்துத் தூக்கிவிட்டால் குஞ்சு உள்ளே போகும், வல்லூறு போக முடியாது. பழைய கட்டில், பாதியாக வெட்டிய பீப்பாய், சாய்த்து வைத்த கீற்றுத் தட்டி, ஓட்டை விழுந்த மண்பானை எல்லாம் உதவும். மறைவிடத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் நல்லது. ஒரு வழிதான் என்றால் கீரியிடம் மாட்டிக்கொள்ளும்.

அவரை, பீர்க்கன், கோவைப் பந்தல் இருந்தால் அதன் அடியில் தீவனத்தையும் தண்ணீரையும் வையுங்கள். கோழிகள் கூட்டமாகத் தலை குனிந்து நிற்பது தீவனம் தின்னும்போதுதான்; பருந்து காத்திருப்பதும் அந்த நேரத்துக்குத்தான். தீவனத்தை வெட்டவெளியில் வீசுவதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் எண்ணம். வாழைக்கன்று, மரவள்ளி, கிளுவை வேலி, இடுப்பளவில் வளர்ந்த அகத்தி ஆகியவையும் நல்ல மறைவு தருபவை. உயரமான தனி மரம் மறைவு ஆகாது; அது பருந்துக்கு உட்கார்ந்து நோட்டமிடும் இடம். கொல்லையைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட கிளை இருந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வலையும் நரம்பும்

கோழிகள் அடைந்து திரியும் ஒரு சிறு முற்றத்தை நிரந்தரமாக மூட நினைத்தால், தரையில் இருந்து ஏழடி உயரத்தில் வலை கட்டுங்கள். ஆள் நிமிர்ந்து நடக்க முடிந்தால்தான் நாம் சுத்தம் செய்வோம். மீனவர்கள் கழித்த பழைய வலை கிடைக்கும் ஊர்களில் அதுவே மலிவு. கரும்பருந்துக்கும் காகத்துக்கும் இரண்டு அங்குலக் கண் போதும். வல்லூறு தொல்லை இருந்தால் ஒரு அங்குலம் வேண்டும். நிழல்வலையும் போடலாம், ஆனால் காற்றில் பாய்மரம்போல் உப்பும், ஆடிக் காற்றுக்குத் தூணையே பிடுங்கும். எந்த வலையாக இருந்தாலும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவது முக்கியம். தொங்கும் வலையில் பருந்தின் காலும் சிறகும் சிக்கும். நைலான் வலையைத் தரை வரை தொங்கவிட வேண்டாம். சாரைப்பாம்பு உள்பட நல்லது செய்யும் பாம்புகள் சிக்கிச் சாகும். கீழ்ப்பகுதி மூன்றடிக்குக் கம்பிவலையோ தட்டியோ போடுங்கள்.

வலைக்கு வசதி இல்லை என்றால் தூண்டில் நரம்பு. தடித்த நரம்பை ஏழு, எட்டு அடி உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். சிறகு விரித்து இறங்க வழி இல்லாததால் கரும்பருந்து ஒதுங்கும். நரம்பு பறவைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு இழையிலும் துணிக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேகமாக வரும் பறவை அடிபடும். வல்லூற்றுக்கு நரம்பு தடையே இல்லை. இடையில் புகுந்து வந்துவிடும்.

பழைய குறுந்தகடு, மின்னும் ரிப்பன், வெருளி பொம்மை, கறுப்புத் துணி எல்லாமே சில நாட்களுக்குத்தான். அசையாத பொம்மை ஆபத்தில்லை என்று ஒரு வாரத்தில் பருந்தும் காகமும் கண்டுகொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கட்டினால் கொஞ்சம் நீடிக்கும். குஞ்சுக்குச் சாயம் பூசுவதையும் சிலர் செய்கிறார்கள். இறகு மாறும்போது சாயம் போய்விடும். சாயத்தில் நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துச் சாகவும் வாய்ப்புண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதோடு ஒன்றைக் கவனியுங்கள். மீன் கழுவிய குடல், கோழி அறுத்த கழிவு, செத்த குஞ்சு ஆகியவற்றைக் குப்பைமேட்டில் வீசினால் பருந்தையும் காகத்தையும் நாமே விருந்துக்குக் கூப்பிடுகிறோம் என்று பொருள். இரண்டடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும். செத்த கோழியைத் தின்ற காகம் நோயை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகவும் கூடும்.

செய்யக் கூடாதது

ஆத்திரத்தில் சிலர் செத்த குஞ்சின் மேல் குருணை மருந்தைத் தூவி வைக்கிறார்கள். இது குற்றம். ஆபத்தும்கூட. அதைத் தின்று சாவது பருந்து மட்டும் அல்ல. ஊர் நாய், பூனை, கீரி எல்லாம் சாகும். கொத்திப் பார்க்கும் உங்கள் கோழியும் சாகும். குழந்தை கையில் பட்டால் அதற்கும் ஆபத்து. தமிழ்நாட்டில் மாயாறுப் பள்ளத்தாக்கை ஒட்டி மட்டுமே ஓரளவு மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளுக்கு, விஷம் வைத்த உடல்கள் பெரிய அச்சுறுத்தல்.

பருந்து, வல்லூறு, கழுகு, ஆந்தை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. கவணால் அடிப்பது, கண்ணி வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாம் தண்டனைக்கு உரியவை. முதல் பட்டியலில் உள்ள உயிரினத்தை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

சட்டத்தை விட்டுவிட்டாலும், நெல் வயலில் எலியைப் பிடிக்கப் பறவை வந்து உட்காரட்டும் என்று ‘டி’ வடிவக் குச்சி நட்டு வைப்பதும் நாம்தான். இரவில் அதில் உட்காரும் ஆந்தையும், பகலில் வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்தும் எலியைத்தான் தேடுகின்றன. வயலில் வேண்டும் என்று அழைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்தால் கொல்வேன் என்பது நடக்காது. பட்டாசு வெடித்து விரட்டுவதும் வேண்டாம். பருந்து அரை மணியில் திரும்பிவிடும், மிரண்ட கோழி முட்டையை நிறுத்திவிடும்.

அடிபட்டால்

தாய்க்கோழி பாய்ந்தோ நாம் கத்தியோ பருந்து குஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் போவதுண்டு. வெளியே சிறு துளைதான் தெரியும். நகம் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்துவிட்டு, கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவுங்கள். மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் ஈ மொய்த்துப் புழு வைக்காது. ரத்தம் தெரியும் குஞ்சை மற்றவை கொத்தியே கொன்றுவிடும் என்பதால் தனியாக, அட்டைப் பெட்டியில் சூடாக வைக்க வேண்டும். முதல் நாள் வெல்லம் கரைத்த தண்ணீர் கொடுங்கள். மறுநாளும் தீவனம் எடுக்காவிட்டாலோ, காயம் வீங்கிச் சீழ் வைத்தாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

வலையில் பருந்து சிக்கிக்கொண்டால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்; அலகைவிட நகம் ஆபத்தானது. கனமான துணியையோ சாக்கையோ தலையோடு சேர்த்துப் போர்த்தினால் இருட்டில் அடங்கிவிடும். பிறகு சிறகை இழுக்காமல் வலை இழைகளைக் கத்தரித்து விடுங்கள். பறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் காற்றுப் போகும் பெட்டியில் வைத்து, தண்ணீர் புகட்டாமல், வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு வலையில் எந்த இடம் தொய்ந்திருந்தது என்று பார்த்து, அன்றைக்கே இழுத்துக் கட்டுங்கள்.